ஒருவருக்கு இரண்டு கோப்புகள்: தோ பாயோ மருந்தகம் ஒன்றின் பதிவுச் சரிபார்ப்புச் சேவை

சிங்கப்பூரின் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய குடும்ப மருந்தகத்திற்கு என் மாமியாரை அழைத்துச் சென்றிருந்தேன். ஒவ்வொருவரையும் ஒரு குடும்ப மருத்துவரிடம் நிலையாகச் சேர்க்கும் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில், அங்குள்ள மருத்துவரிடம் அவரைப் பதிவு செய்திருந்தோம். அத்திட்டத்தின் முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பாக மருந்தகத்தின் தாதி எங்களைத் தனி அறைக்கு அழைத்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, மாமியாரைப் பற்றிக் கணினியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இந்த மதிப்புரை அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றியது. பெயரை வெளியிட மருந்தகத்தாரிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்பதால் அதை இங்கே எழுதவில்லை. ஆனால், நான் விவரிக்கும் ஒவ்வொன்றையும் வாசகர்கள் தத்தம் குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவப் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் எழுதும் நோயின் பெயருக்கு ஐசிடி-10 என்ற அனைத்துலக நோய்ப் பட்டியலின் குறியீட்டை இடுவதும், ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருந்தால் அவற்றைக் கண்டுபிடித்து இணைப்பதும் என் அன்றாட வேலைகளாக இருந்தன. ஆகவே அந்தத் தாதி கேட்ட கேள்விகளின் அருமை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே புரிந்தது.

சிங்கப்பூரில் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011இல் தொடங்கப்பட்டது. ஒரு நோயாளிக்கு ஒரே சுகாதாரப் பதிவு என்பதே அதன் நோக்கம். 2015 அக்டோபரில் வந்த ஹெல்த்ஹப் செயலி, அந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை நோயாளியே தம் கைப்பேசியில் பார்க்க வழி செய்தது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி, நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத் தனியார் குடும்ப மருத்துவர்களிடமும் அரசாங்கப் பலதுறை மருந்தகங்களிடமும் நிலையாகச் சேர்த்து, அந்த மருத்துவர்களின் கணினிகளையும் இந்த வலைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக்கு விடப்பட்ட சுகாதாரத் தகவல் மசோதாவும், எல்லா மருத்துவ நிலையங்களும் முக்கியத் தகவல்களை இந்தப் பதிவுக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பதையே மையமாகக் கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு மருந்தகத்தின் அட்டையில் தவறாக எழுதப்பட்டது அந்த மருந்தகத்தின் அலமாரியிலேயே கிடந்தது. இப்போது அது தீவு முழுவதும் போகிறது; போகும் இடமெல்லாம் உண்மை என்றே நம்பப்படுகிறது. கணினிகளை இணைத்துவிட்டால் தகவல் தானாகத் திருந்திவிடும் என்று எண்ணுவோர் பலர். இணைப்பு தகவலைக் கொண்டுசெல்லுமே தவிர, அதைத் திருத்துவது முதன்முதலில் அதை உள்ளிடும் மனிதரும், எதிரே அமர்ந்து பதில் சொல்லும் நோயாளியும்தான்.

தாதி முதலில் கேட்டது, “பாட்டி, உங்க பேரு என்ன? பிறந்த தேதி என்ன?” என்பது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பல இடங்களில், திரையில் இருக்கும் பெயரைப் பணியாளரே வாசித்து, “நீங்கதானே இவர்?” என்று கேட்பார். காது மந்தமான முதியவர் எதற்கும் தலையாட்டுவார். பக்கத்தில் இருப்பவரின் கோப்பு திறந்துவிடும். பெயரை நோயாளியின் வாயிலிருந்து வரவழைப்பதும், கூடவே இரண்டாவது அடையாளம் ஒன்றைக் கேட்பதும் அடிப்படைப் பாடங்கள். அவசரம் மிகுந்த முகப்புகளில் முதலில் கைவிடப்படுபவையும் அவையே. நான் அத்தைக்காகப் பதில் சொல்ல முனைந்தபோது, அவரே சொல்லட்டும் என்று தாதி பணிவுடன் என்னை நிறுத்தினார். அதற்காக அவரை மெச்சுகிறேன்.

அடுத்துத் தாதி அடையாள எண்ணுக்கு வந்தார். நம் அடையாள எண்ணின் கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்து அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்தால் வரும் மீதியைக் கொண்டு அந்த எழுத்து முடிவாகிறது. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றித் தட்டினாலும் எழுத்து பொருந்தாமல் போகும். கணினி உடனே நிறுத்திவிடும். தகவல் பிழையை உள்ளே வரும்போதே வாசலில் தடுக்கும் இவ்வளவு எளிய காவலை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் ஒருவருக்கே முறையான எண்கள் இரண்டு இருந்தால் இந்தக் காவல் பயன்படாது. அத்தைக்கு இருந்தது அந்தச் சிக்கல்தான்.

அவர் 2006இல் நீண்டகால வருகை அனுமதிச் சீட்டில் திருச்சியிலிருந்து இங்கே வந்தார். அப்போது அவருக்கு ‘ஜி’ என்று தொடங்கும் வெளிநாட்டவர் எண் கிடைத்தது. பின்னர் நிரந்தரவாசம் கிடைத்தபோது ‘எஸ்’ என்று தொடங்கும் புதிய எண் வந்தது. குடியுரிமை பெற்ற பிறகும் அந்த எண்ணே தொடர்கிறது. இடைப்பட்ட காலத்தில், 2009இல், அவர் ஒரு மருத்துவமனையில் சிறுநீர்த் தொற்றுக்காக மூன்று நாள் தங்கியிருந்தார். அந்தக் கோப்பு ‘ஜி’ எண்ணில் இருந்தது. ‘எஸ்’ எண்ணில் பார்க்கும் எவருக்கும் அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. பதிவுத் துறையில் பல்லாண்டுகள் இருந்த எனக்கே வீட்டில் இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாதிதான், “இந்த அட்டைக்கு முன்னாடி வேற நம்பர் இருந்துச்சா பாட்டி? பழைய பாஸ்போர்ட், பழைய பாஸ் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். வேலை அனுமதியிலிருந்து நிரந்தரவாசத்துக்கு மாறியவர்கள், கடப்பிதழ் எண்ணைக் கொண்டு சிகிச்சை பெற்ற வருகையாளர்கள் என நம் சமூகத்தில் இத்தகைய இரட்டைக் கோப்புக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கடப்பிதழைப் புதுப்பித்தாலே எண் மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பழைய கோப்பில் என்ன இருந்தது என்பதற்கு வருகிறேன். இந்தச் சேவையின் உண்மையான பயன் அங்கேதான் தெரிந்தது.

2009இல் அத்தைக்குக் கொடுக்கப்பட்ட கோ-டிரைமாக்சசோல் என்ற சல்பா வகை மருந்தால் உடலெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. அது உண்மையான ஒவ்வாமை. கோப்பிலும் முறையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது ‘ஜி’ எண்ணுக்குள் அடைபட்டுக் கிடந்தது. இப்போதைய ‘எஸ்’ கோப்பிலோ சல்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பதில் அமாக்சிசிலின் ஒவ்வாமை என்று இருந்தது. 2017இல் வேறோர் இடத்தில் தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் கொடுத்தார்கள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அடுத்த முறை போனபோது “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று அத்தை சொன்னார். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற தமிழ்ச் சொல்லை நாம் வயிற்றுப்போக்குக்கும் சொல்வோம், தலைசுற்றலுக்கும் சொல்வோம், உதட்டு வீக்கத்துக்கும் சொல்வோம். கேட்டவர் அதை ஒவ்வாமை என்று பதிந்துவிட்டார். ஆக, பல ஆண்டுகளாக அத்தையின் பதிவில் இருக்க வேண்டிய எச்சரிக்கை இல்லை. இருக்க வேண்டாத எச்சரிக்கை இருந்தது. இடையில் ஒரு தொற்றுக்கு யாராவது சல்பா மருந்தை எழுதியிருந்தால் கணினி தடுத்திருக்காது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தாதி மருந்தின் பெயரோடு நிற்காமல், அதைச் சாப்பிட்டதும் என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் நேர்ந்தது, எந்த ஆண்டு, யார் பார்த்தார்கள், அதன் பிறகு அதே வகை மருந்தை எப்போதாவது சாப்பிட்டதுண்டா என்று கேட்டு, ஒவ்வொரு பதிலையும் ‘நோயாளி கூறியது’ என்ற குறிப்போடு பதிந்தார். ஒரு தகவலோடு அதன் மூலத்தையும் தேதியையும் சேர்த்து எழுதினால்தான் பின்னால் வருபவர் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவு செய்ய முடியும். அமாக்சிசிலின் அடங்கிய பென்சிலின் வகைக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் என்று பதிவானவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அம்மருந்தைத் தாங்கக்கூடியவர்களாகவே இருக்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. பிழையான அந்த ஒரு வரியால் அவர்களுக்கு வீரியம் கூடிய வேறு மருந்துகள் தரப்படுகின்றன. கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புப் பெறவும் அது காரணமாகிறது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. உணவு ஒவ்வாமைக்கான கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் என்றால் ஒவ்வாமை இல்லை என்று பொருளா, யாரும் கேட்கவில்லை என்று பொருளா? பார்ப்பவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்வார். தாதி கேட்டுவிட்டு, ‘அறிந்தவரை இல்லை’ என்று அன்றைய தேதியுடன் பதிந்தார். என் பணிக்காலத்தில் இந்த வேறுபாட்டை எத்தனை முறை கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருப்பேன். ஒரு சிறு மருந்தகத்தில் அதைச் சொல்லாமலே செய்வதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். கணினிக்குத் தெரிந்தது மருந்தகம் கொடுத்தது. தாதி அறிய வேண்டியது அத்தை விழுங்கியது. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையுடன், திருச்சியிலிருந்து மைத்துனர் வாங்கி அனுப்பிய கிளைக்கோமெட் ஜிபி அட்டை ஒன்றும் பையிலிருந்து வெளிவந்தது. சர்க்கரை கூடியதாகத் தோன்றும் நாள்களில் அத்தை அதையும் ஒன்று போட்டுக்கொள்வாராம். அதிலும் மெட்ஃபார்மின் இருக்கிறது. கூடவே சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய கிளிமிபிரைடும் இருக்கிறது. வணிகப் பெயர் வேறாக இருந்ததால் இரண்டிலும் ஒரே மருந்து இருப்பதை எங்கள் வீட்டில் யாரும் அறியவில்லை. தாதி வணிகப் பெயரோடு உட்பொருளின் பெயரையும் அளவையும் பதிந்தார். தேக்காவில் வாங்கிய நிலவேம்புப் பொடியையும் விடவில்லை. தைராய்டு மாத்திரையின் அளவை எழுதும்போது சுருக்கெழுத்தைத் தவிர்த்து ‘50 மைக்ரோகிராம்’ என்பதற்குரிய முழுச் சொல்லையே எழுதினார். மைக்ரோகிராமின் சுருக்கத்தை மில்லிகிராம் என்று வாசித்தால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும்.

ஊர் ஆய்வகத்தின் அறிக்கையையும் கொண்டுபோயிருந்தோம். அளவை அலகுகள் எவ்வளவு பெரிய பொறி என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது பொருந்தும். இந்தியாவில் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் குறிக்கிறார்கள். அங்கே 142 என்றால் 18 ஆல் வகுத்து இங்கே 7.9. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அங்கே 1.1 என்றால் 88.4 ஆல் பெருக்கி இங்கே 97. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரு இடத்திலும் விழுக்காட்டில் வருவதால் குழப்பமில்லை. சர்க்கரையையோ கிரியாட்டினினையோ அலகு மாற்றாமல் உள்ளிட்டால் எண் நடக்க முடியாததாக இருக்கும். ஓரளவு நல்ல மென்பொருள் எச்சரித்துவிடும். ஆபத்து வைட்டமின் பி12 போன்றவற்றில் இருக்கிறது. அத்தையின் ஊர் அறிக்கையில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 250 பிக்கோகிராம். இங்கே லிட்டருக்கு இத்தனை பிக்கோமோல் என்று குறிப்பார்கள். மாற்றினால் ஏறக்குறைய 184 வரும். அலகைப் பார்க்காமல் 250 என்றே தட்டியிருந்தால் எந்த மென்பொருளும் மறுத்திருக்காது, ஏனென்றால் 250 பிக்கோமோலும் ஒரு மனிதருக்கு இருக்கக்கூடிய அளவே. ஆனால் 250 என்பது நலமான அளவு. 184 என்பது குறைபாட்டின் விளிம்பு. நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு பி12 குறையக்கூடும் என்பதால், அந்த வேறுபாடு அத்தைக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது. தாதி அலகை மாற்றி, மூல அறிக்கையின் படத்தையும் சேர்த்து, ‘வெளிநாட்டு ஆய்வகம்’ என்று குறித்து, இங்குள்ள முடிவுகளின் வரைபடத்தில் அதைக் கலக்காமல் தனியே வைத்தார்.

இரத்த அழுத்தம் கருவியிலிருந்து நேரே கணினிக்குப் போனது. மேல் அளவு 137, 133 என்று வந்தது. கையால் எழுதும் இடங்களில் அளவுகள் பெரும்பாலும் பூச்சியத்தில் முடியும். ஒரு பதிவேட்டில் 140, 130, 150 என்றே இருந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார்கள் என்று பொருள்.

பெயர் விஷயத்தில் மட்டும் மருந்தகம் இன்னும் தேற வேண்டும். அவர்களுடைய மென்பொருள் குடும்பப் பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அத்தையின் கணவர் பெயர் அங்கே போய்ச் சேர்ந்து, அச்சில் அதுவே முதலில் வந்தது. இங்கே பிறந்த தமிழர்களின் அட்டைகளில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் சாய்கோட்டுச் சுருக்கத்தைச் சில மென்பொருள்கள் ஏற்பதே இல்லை. லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். அடையாள எண் இருக்கும்வரை சமாளிக்கலாம். எண் இல்லாமல் பெயரைக் கொண்டு தேடும்போதுதான் இரண்டாவது கோப்பு பிறக்கிறது. அட்டையில் இருப்பது போலவே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் பதியும்படி கேட்டோம். தாதி முயன்றார், மென்பொருள் இடம் தரவில்லை.

வேறு குறைகளும் உண்டு. தமிழ் பேசும் அந்தத் தாதி வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வருகிறார். மற்ற நாள்களில் தரப்படும் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. ‘ஒவ்வாமை’, ‘பக்க விளைவு’ என்ற வேறுபாட்டை ஆங்கிலப் படிவத்தைக் கொண்டு அத்தையைப் போன்றவர்களிடம் விளக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்த தரமான சேவை அந்த ஒரு மனிதரைச் சார்ந்திருக்கிறது என்பது கவலை தருகிறது. முகப்பில் அடையாள எண்ணை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லச் சொன்னது தவறு. துண்டுத்தாளில் எழுதித் தரலாம், அட்டையை நீட்டலாம். காத்திருப்பும் நீளம்: முற்பகல் பத்து மணிக்குப் போய்ப் பிற்பகல் ஒன்றரைக்கு வெளியே வந்தோம். எல்லாவற்றுக்கும் மேலான குறை, திருத்தக் கோரிக்கைக்கு அத்தாட்சி எதுவும் தராதது. தவறான தகவலை எந்த நிலையம் பதிந்ததோ அந்த நிலையம்தான் திருத்த வேண்டும் என்பதால், மருந்தகம் இரண்டு இடங்களுக்கு எழுதியது. ஆனால் எப்போது எழுதினார்கள், யார் பெறுவார்கள், எத்தனை நாளில் விடை வரும் என்பதற்கான தாள் எதுவும் எங்கள் கையில் இல்லை. நானே ஒரு குறிப்பேட்டில் தேதி எழுதி வைத்துத் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டியிருந்தது. பதிவுத் துறையில் வேலை செய்யாத ஒருவர் இதைச் செய்திருப்பாரா என்பது ஐயமே.

இருந்தும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். போகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த நேரத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பழைய அனுமதிச் சீட்டு, காலாவதியான கடப்பிதழ், வீட்டிலுள்ள மருந்துகள் முழுவதும், ஊர் ஆய்வக அறிக்கைகளின் மூலப் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். அன்றைக்குச் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளச் செயலி வேலை செய்யும் கைப்பேசியும் வேண்டும், ஏனெனில் தடுப்பூசிகளையும் பரிசோதனை முடிவுகளையும் தாதி நம் ஹெல்த்ஹப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். முடிந்ததும் ஒரு பக்க அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து முதியவருக்கு வாசித்துக் காட்டுவது நல்லது. எங்கள் பிரதியில் கண்புரை அறுவையின் பக்கம் இடமா வலமா என்பது மாறியிருந்ததை அத்தைதான் கண்டுபிடித்தார். ஒரு நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள்.

நாங்கள் போய்வந்து ஐந்து மாதமாகிறது. 2009இல் அத்தை தங்கியிருந்த மருத்துவமனை, இரண்டு எண்களும் ஒருவருடையவை என்பதற்கான ஆவணங்களைப் பார்த்துவிட்டுக் கோப்புகளை இணைத்துவிட்டது. சல்பா எச்சரிக்கை இப்போது ‘எஸ்’ எண்ணில் தெரிகிறது. அமாக்சிசிலின் வரி இன்னும் இருக்கிறது. வெறும் சொல்லை நம்பி ஓர் ஒவ்வாமையை நீக்கக் கூடாது என்பது சரியான நடைமுறை. ஒவ்வாமைப் பிரிவில் பரிசோதனைக்கு அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை, தாதி ‘வயிற்றுப்போக்கு மட்டும், 2017, நோயாளி கூறியது’ என்று குறித்துக் கொடுத்த அச்சுப் பிரதியை அத்தை நான்காக மடித்துத் தம் பணப்பையில் ஈசிலிங்க் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.